ஜாவா கிராமத்தில் குடியேறுபவர்களுக்கு: பத்திரம், இரவுக் காவல், பாம்பு, பூகம்பம்

மத்திய ஜாவாவின் கிளாத்தென் மாவட்டத்தில், டெலாங்குப் பக்கத்து நெல் கிராமம் ஒன்றில் பதினான்கு வருடமாக வாழ்கிறேன். என் கணவர் இந்த ஊர்க்காரர். நான் மாயவரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நாற்று, களை, அறுப்பு எதுவும் எனக்குப் புதிதில்லை என்ற தைரியத்தில்தான் வந்தேன். வயல் புதிதாக இல்லைதான். ஆனால் அந்த வயல் யார் பெயரில் இருக்கிறது, ராத்திரியில் மரக்குழல் தட்டும் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம், பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்பதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிலவற்றைப் பணம் கொடுத்துக் கற்றேன், சிலவற்றைப் பயந்து கற்றேன். இந்தோனேசியரைக் கல்யாணம் செய்துகொண்டு கிராமத்துக்கு வரும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே உங்கள் பெயர் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். ஒன்று அரசாங்கக் காகிதம். இன்னொன்று தெருக்காரர்களின் வாய். ஒன்றிருந்து மற்றது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் செய்ய வேண்டியது

கிராமத்தின் பெயர் டெசா. அதற்குள் டுசுன் என்கிற குடியிருப்புகள் இருக்கும். அதற்குக் கீழே எர்வே, அதற்கும் கீழே எர்தே. எர்தே என்பது சில பத்து வீடுகள் சேர்ந்த ஒரு கூட்டு. அதன் தலைவரைப் பாக் எர்தே என்று கூப்பிடுவார்கள், அவர் மனைவி பூ எர்தே. ஊர் எல்லையில் "விருந்தாளிகள் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்" என்று பலகை இருக்கும். அதைச் சம்பிரதாயம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வந்த அன்றைக்கே, இருட்டுவதற்குள், கணவரோ மனைவியோ உங்களைப் பாக் எர்தே வீட்டுக்கு அழைத்துப் போகட்டும். பாஸ்போர்ட், தங்கும் அனுமதி, திருமணச் சான்றிதழ் மூன்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு பொட்டலம் தேயிலையும் ஒரு கிலோ சர்க்கரையும் இருந்தால் நல்லது. இங்கே வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோகும் பண்டம் அதுதான். வாசலில் நின்று "குலோ நுவுன்" என்று குரல் கொடுங்கள். உள்ளேயிருந்து "மொங்கோ" என்று பதில் வந்த பிறகுதான் படி ஏற வேண்டும்.

அரசாங்கப் பக்கம்: தற்காலிக அனுமதியான கித்தாஸ் வைத்திருப்பவர்கள் மாவட்டக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் குடியிருப்புச் சான்று எடுக்க வேண்டும். நிரந்தர அனுமதியான கித்தாப் வந்துவிட்டால் வெளிநாட்டவருக்கான அடையாள அட்டை கிடைக்கும். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வேலை செய்யும் வெளிநாட்டவர் பெபெஜெஎஸ் என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தாக வேண்டும். குடும்பத்தோடு வருபவர்களும் முதல் மாதமே அதை விசாரித்துப் பதிந்துவிடுங்கள். கிராமத்தில் வரும் பெரிய ஆஸ்பத்திரிச் செலவுகள் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

நிலம்

இதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். நாங்கள் சறுக்கி விழுந்தது இங்கேதான்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் விவசாய அடிப்படைச் சட்டப்படி ஹாக் மிலிக், அதாவது முழு உரிமை, இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டவருக்குக் கிடையாது. "என் பெயரில் வாங்கித் தருகிறேன், பின்னால் ஒரு தனி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்" என்று யாராவது உதவிக்கு வருவார்கள். வேண்டாம். அந்த ஏற்பாடு சட்டத்தின் முன் செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. இது அந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஹாக் பக்காய் என்கிற பயன்பாட்டு உரிமையில் வீடு வாங்க வெளிநாட்டவருக்கு வழி உண்டு. ஆனால் அதற்கு மாகாணத்துக்கு மாகாணம் வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை, கிராமத்து வீடுகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

"என் கணவர் இந்தோனேசியர்தானே, அவர் பெயரில் வாங்கினால் முடிந்தது" என்றுதான் நானும் நினைத்தேன். முடியாது. திருமணத்துக்குப் பிறகு வாங்கும் சொத்து இருவருக்கும் பொது என்று 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் சொல்கிறது. பாதி உங்களுடையது என்றால், பாதி வெளிநாட்டவருடையது. அதனால் உங்கள் துணைவரும் ஹாக் மிலிக் வாங்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறார். இதற்கு வழி, சொத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் திருமண ஒப்பந்தம். முன்பெல்லாம் அதைக் கல்யாணத்துக்கு முன்னால்தான் எழுத முடியும். 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, கல்யாணத்துக்குப் பின்னாலும் எழுதலாம் என்று ஆனது. நொட்டாரிஸ் என்கிற நோட்டரி முன்னிலையில் எழுதி, உங்கள் திருமணத்தைப் பதிந்த அலுவலகத்திலேயே அதையும் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை நில அலுவலகம் ஏற்காது. பரம்பரையாக வரும் நிலம் இந்தப் பொதுக் கணக்கில் சேராது. மாமனார் வழியில் வரும் வயல் உங்கள் கணவருடையதுதான், ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இன்னொன்றையும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பேசிவிடுங்கள். துணைவர் இறந்து நிலம் உங்களுக்கு வந்தால், ஒரு வருடத்துக்குள் அதை ஓர் இந்தோனேசியருக்கு மாற்றியாக வேண்டும். குழந்தைகள் இருந்தால் அவர்களுடைய குடியுரிமை முக்கியம். கலப்புத் திருமணத்தில் பிறந்தவர்கள் 18 வயது வரை இரண்டு குடியுரிமையும் வைத்திருக்கலாம். அதன்பின் மூன்று வருடத்துக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வயலை யார் ஏற்பது என்பதை அந்தத் தேர்வோடு சேர்த்தே யோசியுங்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். வந்த இரண்டாவது வருடம், தெருக்கோடியில் இருந்த ஒரு முதியவரிடம் 1,500 சதுர மீட்டர் வயல் வாங்கினோம். என் கணவர் சின்ன வயதில் அவர் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். முத்திரை வில்லை ஒட்டிய ரசீது ஒன்று, சாட்சிக்கு இரண்டு கையெழுத்து, இரண்டு தவணையில் பணம், அவ்வளவுதான். இங்கே அதைக் "கைக்கு அடியில் வாங்குவது" என்பார்கள். மூன்று போகம் எடுத்தோம். அப்புறம் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் நிலம் அவர் பெயரிலேயே இல்லை என்று தெரிந்தது. கிராம அலுவலகத்தின் பழைய வரிப் பதிவேட்டில் அது அவருடைய அப்பா பெயரில் இருந்தது. வாரிசுகள் ஆறு பேர். அவர்களில் ஒருவர் சுமத்ரா தீவின் லாம்புங்கில் குடியேறியவர், "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று கையெழுத்துப் போட மறுத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு உண்மையிலேயே யாரும் சொல்லியிருக்கவில்லை. நான்கு வருடம் இழுத்தது. எங்களுக்குத் திருமண ஒப்பந்தமே இல்லை என்ற விஷயமும் அப்போதுதான் வெளியே வந்தது. கடைசியில் கிராமத் தலைவர் நடுவில் உட்கார்ந்து பேசி, அவர் பங்குக்கு நாங்கள் இன்னொரு முறை பணம் கொடுத்து, ஆறு கையெழுத்தும் வாங்கினோம். தெருவில் எல்லோருக்கும் அது எங்கள் வயல். காகிதத்துக்கு மட்டும் அது தெரியவில்லை.

அதனால் வாங்கும் முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, சான்றிதழ் இருக்கிறதா என்பது. முழு உரிமைச் சான்றிதழை எஸ்ஹாஎம் என்பார்கள். "கிரிக் இருக்கிறது, லெத்தர் சே இருக்கிறது" என்று பதில் வந்தால், இருப்பது வரிப் பதிவு மட்டும், உரிமைப் பத்திரம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டின் 18ஆம் எண் அரசு விதிப்படி, அந்தப் பழைய காகிதங்களை உரிமைக்குச் சான்றாகக் காட்ட 2026 பிப்ரவரி 2 வரைதான் அவகாசம். அதன்பின் அவை ஒரு துப்பு, அவ்வளவே. அப்படிப்பட்ட நிலத்தை விற்பவர் பெயரில் சான்றிதழ் எடுத்த பிறகே வாங்குங்கள். பெதெஎஸ்எல் என்கிற கூட்டுப் பதிவுத் திட்டம் ஊருக்கு வந்தால் வேலை சுலபம். ஜாவாவிலும் பாலியிலும் கிராம அளவிலான தயாரிப்புச் செலவுக்கு 150,000 ரூபியா என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

சான்றிதழ் இருந்தாலும் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பெபெஎன் என்கிற நில அலுவலகத்தில் 50,000 ரூபியா கட்டினால், அது அசலா, அடகில் இருக்கிறதா, வழக்கு உண்டா என்று சரிபார்த்துத் தருவார்கள். அதே துறையின் "செந்து தானாகு" செயலியில் நிலத்தின் இடத்தையும் பார்க்கலாம். 1961 முதல் 1997 வரை கொடுத்த பழைய சான்றிதழ்களில் பல, நிலவரைபடத்தோடு இணைக்கப்படாதவை. அப்படிப்பட்டவற்றின் மேல் இன்னொருவருக்கும் சான்றிதழ் போயிருக்கலாம். மறு அளவை கேளுங்கள். கிரயம் பெபெஆதே என்கிற நிலப்பத்திர அலுவலர் முன்னால்தான் நடக்க வேண்டும். அவர் பத்திரத்தை வாய்விட்டுப் படிப்பார். புரியாவிட்டால் நிறுத்திக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வாங்குபவர் 5 சதவீத வரியும் விற்பவர் 2.5 சதவீத வருமான வரியும் கட்ட வேண்டும். வாங்குபவர் வரியில் ஒரு தொகைக்குக் கழிவு உண்டு. "விலையைக் குறைத்துக் காட்டலாம்" என்ற யோசனை வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிறகு பிரச்சினை வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்தப் பொய் விலை மட்டும்தான்.

வயலுக்கென்று இன்னும் இரண்டு சங்கதிகள். விளைநிலத்தின் சொந்தக்காரர் அதே கெச்சமத்தானில், அதாவது அதே வட்டாரத்தில், குடியிருக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. ஜகார்த்தாவில் இருந்துகொண்டு இங்கே வயல் வாங்கிப் போடலாம் என்று நினைக்கும் தம்பதிகள் இதைக் கவனிக்கவும். அடுத்தது, எல்லா வயலிலும் வீடு கட்ட முடியாது. 2009ஆம் ஆண்டின் 41ஆம் எண் சட்டம் உணவு விளையும் நிலத்தைப் பாதுகாக்கிறது. பச்சை மண்டலமாகக் குறித்த வயலில் வீட்டுக்கு அனுமதி வராது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, இன்றும் அதில் நெல் மட்டும் போட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

எல்லைக்கல்லை மறக்காதீர்கள். ஒவ்வொரு பருவமும் வரப்பு வெட்டும்போது பக்கத்துக்காரர் மண்வெட்டி ஒரு விரல் உள்ளே வரும். பத்து வருடத்தில் அது ஒரு முழம். நான்கு மூலையிலும் பாத்தோக் நடும்போது நான்கு பக்கத்துக்காரர்களும் நிற்கட்டும். படம் எடுத்து வையுங்கள், பிறகு எல்லோருக்கும் தேநீர் கொடுங்கள். தண்ணீருக்கும் அப்படித்தான். நம் ஊரில் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி மாதிரி இங்கே உலு-உலு என்று ஒருவர் இருப்பார். மடையை அவர் திறக்கட்டும். ராத்திரியில் நீங்களே திறந்தீர்கள் என்ற பேச்சு ஒருமுறை வந்துவிட்டால், அதைத் துடைக்கப் பல வருடம் ஆகும்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் பாதிக்குப் பாதி முறையை மாரோ என்பார்கள். எல்லாம் வாய்ப்பேச்சுதான். நாங்கள் மட்டும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். முதலில் குத்தகைக்காரர் முகம் சுருங்கியது. "எங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் பங்கு உங்களுக்கு வர வேண்டுமே" என்று சொன்னதும் அவரே பேனாவைக் கேட்டார். நிற்கும் பயிரை அப்படியே விற்கும் தெபாசான் முறையும் உண்டு. வாங்க வரும் வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டு, விலை இறங்கினால் வராமலே போய்விடுவார். முழுப் பணமும் கைக்கு வராமல் அரிவாளை வயலில் இறக்க விடாதீர்கள்.

இரவுக் காவல்

ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு சின்னக் காவல் கொட்டகை இருக்கும். அதில் கெந்தொங்கான் தொங்கும். மரத்தையோ மூங்கிலையோ குடைந்து நடுவில் பிளவு விட்ட குழல் அது. முறை வைத்து ஆண்கள் ராத்திரி சுற்றி வருவார்கள், அதற்குப் பெயர் ரோண்டா. ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் ஒரு சின்னக் கிண்ணம் மாட்டியிருக்கும். முன்பு அதில் ஒரு சிட்டிகை அரிசி போடுவார்கள். இப்போது எங்கள் தெருவில் 500 ரூபியா நாணயம். சுற்றி வருபவர்கள் அதை எடுத்துப் போவார்கள். ஜிம்பித்தான் என்று பெயர். அந்தப் பணத்தில் தெருவிளக்கு மாற்றுவார்கள், பாடை செய்வார்கள், நோயாளியைப் பார்க்கப் போவார்கள். நாணயம் சிறியதுதான். ஆனால் ஒரு வீட்டில் மூன்று நாள் நாணயம் இல்லையென்றால் உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கதவைத் தட்டுவார்கள். எங்கள் தெருவில் தனியாக இருந்த ஒரு பாட்டி குளியலறையில் விழுந்து கிடந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். கிண்ணத்தை ஒரு நாளும் காலியாக விடாதீர்கள்.

உங்கள் வீட்டு முறை வரும் இரவில் கணவர் போயே ஆக வேண்டும். வெளியூரில் இருந்தால் முறையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பணம் கட்டித் தப்பிக்கலாம், ஆனால் அதை வழக்கமாக்க வேண்டாம். அன்றைக்கு ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி மாதிரி ஏதாவது பொரித்து, ஒரு கெட்டில் காப்பியோடு கொட்டகைக்கு அனுப்புங்கள். நான் மிளகாய்ப்பொடி தூக்கலாகப் போட்டு மசால் வடை அனுப்புவேன். இப்போது எங்கள் முறை எப்போது என்று அவர்களே விசாரிக்கிறார்கள்.

கெந்தொங்கான் தாளத்தை வந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் கொட்டகைச் சுவரில் எழுதியிருப்பது இப்படி: ஒவ்வொரு அடியாக விட்டு விட்டு வந்தால் கொலை, இரண்டிரண்டாக வந்தால் திருட்டு, மும்மூன்றாக வந்தால் தீ, நான்கு நான்காக வந்தால் இயற்கைச் சீற்றம், ஐந்தைந்தாக வந்தால் மாடு திருட்டு. மெதுவாகத் தொடங்கி வேகமாகி மறுபடி மெதுவானால் எல்லாம் நலம். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். உங்கள் வீட்டிலும் ஒரு மூங்கில் குழல் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் அலைபேசி அணைந்த இரவில் அது வேலை செய்யும்.

திருடன் பிடிபட்டால் நடப்பதைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். கூட்டம் சேர்ந்து அடிக்கும். அடியில் உயிர் போவதும் உண்டு. ஒருமுறை எங்கள் ஊரில் பிடிபட்டவனுக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது. பூ எர்தேயும் நானும் இன்னும் நான்கு பெண்களும் அவனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். பெண்களை விலக்க யாரும் கை நீட்டவில்லை. கிராமத்துக்கென்று ஒதுக்கிய போலீஸ்காரரைப் பாபின்காம்திப்மாஸ் என்பார்கள், அவர் வரும் வரை அப்படியே இருந்தோம். அவர் எண்ணைக் கேட்டு வாங்கிச் சேமித்து வையுங்கள். போலீசுக்குப் பொது எண் 110, ஆம்புலன்சுக்கு 119, தீயணைப்புக்கு 113. நீங்களே ஊருக்குப் புதியவர் என்றால், இருட்டிய பிறகு தெரியாத தெருவில் பேசாமல் நடக்காதீர்கள். எதிரே வருபவருக்கு நீங்களே முதலில் வணக்கம் சொல்லி, யார் வீட்டு மருமகள், யார் வீட்டு மருமகன் என்று சொல்லிவிடுங்கள்.

திருட்டு அதிகம் நடப்பது நோன்புப் பெருநாளை ஒட்டி, வீடுகள் பூட்டிக் கிடக்கும்போதுதான். போகும் இடத்தையும் நாளையும் பாக் எர்தேயிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டாவது பூட்டு போடுங்கள். வயலில் தண்ணீர் மோட்டாரை விட்டுவிட்டு வராதீர்கள். நாங்கள் இரண்டு வாத்தும் ஒரு ஜோடிக் கூஸ் வாத்தும் வளர்க்கிறோம். கூஸ் வாத்து ராத்திரியில் ஒரு பூனைக்குக்கூட வழிவிடாது.

வீட்டின் எலும்பு

2006 மே 27, விடியற்காலை ஆறு மணி ஆகச் சில நிமிடம் இருந்தபோது யோக்யகர்த்தாவும் கிளாத்தெனும் குலுங்கின. ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. 5,700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிளாத்தெனில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். கந்திவார்னோ, வெடி என்கிற வட்டாரங்கள்தான் மிக மோசம். என் கணவரின் அத்தை வெடியில் இருந்தார். அவர் மேல் விழுந்தது வெறும் செங்கல் சுவர், உள்ளே ஒரு கம்பி கிடையாது. பக்கத்தில் நின்ற மர வீடு சாய்ந்ததே தவிர விழவில்லை.

ஆகவே கட்டும்போதோ வாங்கும்போதோ சுவர்ப்பூச்சைப் பார்க்காதீர்கள், கம்பியைப் பாருங்கள். அடித்தளத்தின் மேல் ஒரு கான்கிரீட் வளையம், மூலைகளிலும் மூன்று மீட்டருக்கு ஒன்றாகவும் தூண், சுவர் உச்சியில் இன்னொரு வளையம். இவை மூன்றும் ஒன்றோடொன்று கம்பியால் பின்னியிருக்க வேண்டும். பொதுப்பணி அமைச்சகத்தின் வழிகாட்டல்படி முதன்மைக் கம்பி குறைந்தது 10 மில்லிமீட்டர், சுற்றுக் கம்பி 8 மில்லிமீட்டர், 15 சென்டிமீட்டருக்கு ஒன்று. சிமென்ட், மணல், ஜல்லி 1:2:3. சுவருக்கும் தூணுக்கும் இடையே ஆறு வரிசைச் செங்கலுக்கு ஒரு பிடிப்புக் கம்பி. கடையில் 10 என்று விற்கும் கம்பி அளந்தால் 8க்குப் பக்கத்தில் நிற்கும். அளவுகோலை எடுத்துப் போங்கள், எஸ்என்ஐ என்கிற தேசியத் தர முத்திரை பாருங்கள். கம்பி கட்டுகிற அன்று வேறு எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டுக் கூடவே நில்லுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு யாராலும் எண்ண முடியாது.

படுக்கையைச் சுவருக்கும் கனமான அலமாரிக்கும் கீழே போடாதீர்கள். எரிவாயு உருளையின் ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பாருங்கள். மின் இணைப்புக்கு எர்த் கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள், பழைய வீடுகள் பலவற்றில் இருக்காது.

மெராப்பி எரிமலையின் நிலை நான்கு படி: நோர்மால், வஸ்பாடா, சியாகா, அவாஸ். 2020 நவம்பர் 5 அன்று மூன்றாவது படியான சியாகாவுக்கு ஏற்றினார்கள். எங்கள் சமவெளிக்கு வருவது சாம்பல்தான். முகக்கவசம் போதும், ஆனால் ஓட்டின் மேல் சேரும் சாம்பலை மழைக்கு முன்னால் தள்ளிவிட வேண்டும். நனைந்தால் கூரை தாங்காது. மேலே இருக்கிற கிராமங்களுக்கும் கீழே இருக்கிற கிராமங்களுக்கும் "சகோதர கிராமம்" என்று ஜோடி சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் இறங்கி வந்தால் மாட்டுக்கும் சேர்த்தே இடம் கொடுங்கள். 2010இல் 350க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புல் போடத் திரும்ப ஏறிப் போனவர்களும் அவர்களில் உண்டு.

வயலில்

எலிக்கு மின்கம்பி கட்டாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்ராகென், ஙாவி மாவட்டங்களில் எத்தனையோ விவசாயிகள் தங்கள் கம்பியிலோ பக்கத்து வயல் கம்பியிலோ மிதித்து இறந்திருக்கிறார்கள். விடியலில் தண்ணீர் பார்க்கப் போகும் மனிதருக்கு அந்தக் கம்பி தெரியாது. கட்டியவர் சிறைக்குப் போவார். வந்த முதல் பருவத்தில் நானும் மூங்கில் நட்டுக் கம்பி இழுக்கத்தான் யோசித்தேன், மாமியார் விடவில்லை. அதற்குப் பதில், நாற்று விடும் முன் ஊர் சேர்ந்து வளை தோண்டும் குரோப்யோக்கானுக்கு வீட்டுக்கு ஒருவர் போங்கள். கூகை ஆந்தைக்குக் கம்பத்தில் பெட்டி வையுங்கள். டெமாக் மாவட்டத்துத் தெலோகோவேரு கிராமம் அதனால்தான் பெயர் வாங்கியது. எல்லோரும் ஒரே வாரத்தில் நடுவதும் எலியைக் குறைக்கும்.

எலி மூத்திரம் கலந்த சேற்றில் வெறுங்காலோடு, அதுவும் காலில் வெடிப்போடு இறங்கினால் லெப்டோஸ்பைரா காய்ச்சல் வரும். மத்திய ஜாவாவில் இது அதிகம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால், கண் மஞ்சளானால், அன்றைக்கே புஸ்கெஸ்மாஸ் என்கிற அரசு சுகாதார நிலையத்துக்குப் போங்கள். "நான் வயலில் இறங்குகிறேன்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெறும் காய்ச்சல் மாத்திரையோடு திரும்பி வருவீர்கள்.

பாம்பில் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விஷம் துப்பும் நாகமான செண்டோக். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட வெலாங். வெள்ளையும் கறுப்புமான வெலிங், நம் கட்டுவிரியனின் நெருங்கிய சொந்தம். வெலிங் ராத்திரியில் வீட்டுக்குள் வரும். தரையில் தூங்குபவரைக் கடிக்கும், கடித்ததே தெரியாது. தரையில் பாய் போட்டுத் தூங்காதீர்கள், கட்டிலில் கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். உப்புத் தூவினால் பாம்பு வராது என்பார்கள், வரும். வீட்டை ஒட்டிய மூங்கில் குவியலையும் எலியையும் ஒழித்தால்தான் குறையும்.

கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கை காலை மூங்கில் பத்தை வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிப் போங்கள். உள்நாட்டில் தயாராகும் சாபு என்கிற விஷமுறி மருந்து செண்டோக், வெலாங், உலார் தானா என்கிற குழிவிரியன் மூன்றுக்குத்தான். வெலிங்குக்கு அது இல்லை. அதற்கு வேண்டியது செயற்கைச் சுவாசக் கருவி. என் கொழுந்தனாருக்கு வெலிங் கடித்தபோது வலியே இல்லை, வீக்கமும் இல்லை. "ஒன்றுமில்லை, தூங்குகிறேன்" என்றார். இரண்டு மணி நேரத்தில் இமை சரிந்தது, பேச்சு குழறியது. கருவி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டுபோனதால் பிழைத்தார். ஆறு நாள் கருவியில் இருந்தார். உங்கள் ஊரிலிருந்து அந்த வசதி உள்ள ஆஸ்பத்திரி எது, ராத்திரியில் எந்த வீட்டுக் கார் கிடைக்கும் என்பதை இன்றைக்கே விசாரித்து எழுதி வையுங்கள்.

மாடு செத்தாலோ சாகக் கிடந்தாலோ தெருக்காரர்கள் பணம் போட்டுக் கறியைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் யோக்யகர்த்தாவின் குனுங்கிடுல் மாவட்டப் பக்கம் உண்டு. பிராண்டு என்பார்கள். நஷ்டப்பட்டவருக்குக் கைகொடுக்க ஏற்பட்ட நல்ல பழக்கம்தான். ஆனால் 2023இல் அதனால் ஆந்த்ராக்ஸ் பரவி உயிர் போனது. பணத்தைக் கொடுங்கள், கறியை வாங்காதீர்கள்.

கடன் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வந்து உடனே பணம் தருபவரை இங்கே பாங்க் பிலெசித் என்பார்கள். வாங்கவே வாங்காதீர்கள், நில சான்றிதழை அவர் கையில் காட்டக்கூடச் செய்யாதீர்கள். அவசரத்துக்குத் தெருப் பெண்களின் அரிசான் சீட்டு இருக்கிறது. என் முறை வராத மாதத்திலும் கேட்டேன், விட்டுக் கொடுத்தார்கள்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு முதுகுப்பை மாட்டியிருக்கிறது. சான்றிதழ், கிரயப் பத்திரம், திருமண ஒப்பந்தம், குடும்ப அட்டை, பாஸ்போர்ட் எல்லாவற்றின் நகலும் இரட்டை பிளாஸ்டிக் உறையில் அதற்குள் இருக்கின்றன. அசல் வங்கிப் பெட்டகத்தில். அதோடு டார்ச், விசில், இரண்டு முகக்கவசம், மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை, கொஞ்சம் சில்லறை ரூபியா. ஒவ்வொரு மே 27ஆம் தேதியும் பையை இறக்கி, மாத்திரையின் தேதியைப் பார்த்து, டார்ச்சின் பேட்டரியை மாற்றி மறுபடி மாட்டுகிறேன்.